நெய்யூரிலிருந்து ஆசாரிபள்ளத்துக்கு 163 வருஷம்

எங்க ஊர்ப்பக்கம் ஐம்பது வயசைத் தாண்டின ஆட்களிடம் மொட்டையாக 'மெடிக்கல் காலேஜ்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் மனசில் முதலில் வருவது திருவனந்தபுரம்தான். நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். "நேத்து ராத்திரி மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போயிட்டாவ" என்றால், கேஸ் கொஞ்சம் சீரியஸ், ஆம்புலன்ஸ் களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரியை ஒரு மாவட்டமே தன்னுடையதாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தது என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கத்தானே வேண்டும்? கொஞ்ச நாளாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். பதிவு நீளம். கட்டன்சாயா ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு என்றைக்குமே பெரிய பஞ்சம் இருந்ததில்லை. 1838லேயே இங்கிலீஷ் வைத்தியம் நெய்யூருக்கு வந்துவிட்டது. (நெய்யூர் கல்குளம் தாலுகா, அது எப்படி நாஞ்சில் நாடு ஆகும் என்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் மக்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஒரு பேச்சுக்கு எல்லாரும் நாஞ்சில் நாடு என்று வைத்துக்கொள்வோம்.) பஞ்சமாக இருந்தது வேறு ஒன்று. வைத்தியம் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இடம் உண்டு. வைத்தியம் படிக்க ஊரை விட்டுப் போகணும். காரணம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருந்தது.

1838ல் லண்டன் மிஷனரி சொசைட்டியின் ஆளாக நெய்யூருக்கு வந்தவர் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே. அவர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அடுத்து 1852ல் சார்லஸ் லீச் வந்தார். நல்ல பெயர் எடுத்தார். ரெண்டே வருஷம். 1854ல் முட்டம் கடலில் குளிக்கப் போனவரை அலை கொண்டுபோய்விட்டது. முட்டத்துப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக 1861ல் வந்த ஜான் லோ என்கிற ஸ்காட்லாந்துக்காரர்தான் நம்ம கதைக்கு முக்கியம். ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. லண்டனிலிருந்து இன்னொரு டாக்டர் எப்போது வருவார், வந்தவர் எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் உள்ளூர்ப் பையன்கள் சிலரைப் பொறுக்கி எடுத்து, ஆஸ்பத்திரியிலேயே ஒரு மருத்துவ வகுப்பு ஆரம்பித்தார். காலையில் நோயாளிகள், மற்ற நேரம் பாடம். உடற்கூறு, மருந்துகளின் குணம், அறுவை வைத்தியம் எல்லாம் உண்டு. படித்து முடித்தவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். அன்றைக்குத் திருநெல்வேலிக்கே ரயில் கிடையாது, அது வந்தது 1876ல்தான். மெட்ராசில் 1835ல் மருத்துவப் பள்ளி தொடங்கி 1850ல் அது கல்லூரி ஆகியிருந்தது உண்மை. ஆனால் இரணியலில் ஒரு பையனுக்கு மெட்ராசும் ஒன்றுதான், லண்டனும் ஒன்றுதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தோள்சீலைக் கலவரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று திருவாங்கூர் அரசு அறிவித்தது 1859ல். லோ வந்து இறங்கியது அதற்கு ரெண்டு வருஷம் கழித்து. யார் எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று கணக்கு வைத்திருந்த ஊரில், ஆஸ்பத்திரி வராந்தாவில் பிராமணர் முதல் புலையர் வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள் என்று மிஷன் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையின் முடிவில் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவன், மிஷன் சபையில் வளர்ந்த உள்ளூர்ப் பையன். கட்டுப் போட வேண்டுமென்றால் தொட்டுத்தானே ஆகவேண்டும்! மிஷனுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அது தனி விவாதம். ஆனால் அந்தப் பையன்களின் கையில் ஒரு படிப்பு வந்ததும் அந்தக் கையைத் தட்டிவிட ஊருக்கு வழியில்லாமல் போனது. அதைச் சாதாரண விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1868ல் லோ ஊர் திரும்பிவிட்டார். பிறகு எடின்பரோவில் மருத்துவ மிஷனரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற நிறுவனத்துக்குத் தலைவரானார். அதாவது நெய்யூரில் பழகிய கைதான் அங்கே வாத்தியார் ஆனது. அவருக்குப் பின் வந்த தாம்சன், ஃப்ரை ஆகியோரும் வகுப்புகளை விடவில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்கிற அமெரிக்க டாக்டர் இதையே இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்துகொண்டிருந்தார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், 1860களிலிருந்து தமிழிலேயே. பாடப்புத்தகம் இல்லையே என்று உட்காராமல், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் புத்தகங்களாகப் போட்டுத் தள்ளினார். பொறியியலை அரைகுறை இங்கிலீஷில் மனப்பாடம் செய்து பாஸான என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். :-) சரி, நெய்யூருக்குத் திரும்புவோம்.

நெய்யூர் வகுப்புக்கு ஒரு குறை இருந்தது. அது பட்டம் தராது. வேலை தெரியும், ஊரில் மரியாதை உண்டு. ஆனால் அரசாங்கக் கணக்கில் அவர்கள் டாக்டர் இல்லை. பட்டம் வேண்டும் என்றால் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் என்றால் மெட்ராஸ் அல்லது கப்பல் ஏறி பிரிட்டன். திருவாங்கூர் அரசே ஒரு மருத்துவப் படிப்பு நடத்திக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குள் நுழைய மார்க் மட்டும் போதாது.

திருவனந்தபுரம் பேட்டையில் 1863ல் பிறந்த பத்மநாபன் பல்பு அந்தப் படிப்புக்கான தேர்வை எழுதினார். தேறினார். ஈழவர் என்பதால் இடம் தரவில்லை. கடன் உடன் வாங்கி மெட்ராஸ் போய் 1889ல் எல்.எம்.எஸ். முடித்துவிட்டு வந்து, சரி வேலையாவது கொடுங்கள் என்றார். அதுவும் கிடையாது. அவரை எடுத்துக்கொண்டது மைசூர் அரசு. 1898ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தது இந்த டாக்டர் பல்புதான். திருவாங்கூருக்கு வேண்டாத டாக்டர்! 1896ல் 13,176 பேர் கையெழுத்தோடு ஈழவர் மகஜர் ஒன்றை மகாராஜாவிடம் கொடுத்தார். பல்பு நம்ம ஊர்க்காரர் இல்லைதான். ஆனால் கன்னியாகுமரி முனை வரைக்கும் அன்றைக்கு அதே ராஜாவின் சட்டம்தான். அவருக்கு மூடிய கதவு இங்குள்ள நாடார், ஈழவர், புலையர் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா என்ன? நெய்யூரில் லோ நடத்திய அந்தச் சின்ன வகுப்பு ஏன் பெரிய விஷயம் என்பது பல்பு கதையோடு சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும்.

அடுத்த கதவு பெண்களுக்கு. மேரி புன்னன், பிறகு மேரி புன்னன் லூக்கோஸ். 1886ல் அய்மனத்தில் பிறந்தவர். அப்பாவே அரண்மனை டாக்டர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சயின்ஸ் குரூப் கேட்டார். பெண் என்பதால் கொடுக்கவில்லை. சரி என்று சரித்திரம் எடுத்து, அங்கே ஒரே பெண்ணாகப் படித்து 1909ல் பி.ஏ. வாங்கினார். அதே காலகட்டத்தில் நம்ம முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்து முடித்து, 1907ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து 1912ல் டாக்டராகிவிட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மெட்ராஸ் காலேஜ் 1875லேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. ராஜ்ஜியத்துக்கு ராஜ்ஜியம் ஒரு நியாயம். மேரி லண்டன் போனார். சயின்ஸ் கிடையாது என்று சொல்லப்பட்டவர் 1915ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கினார். 1916ல் திரும்பி வந்து தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தார். 1938ல் திருவாங்கூருக்கே சர்ஜன் ஜெனரல் ஆனார். உலகத்திலேயே அப்படி ஒரு பதவியில் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் அன்றைக்கு? நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் அமைத்தவர் இவர்தான். இந்த சானடோரியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நடுவில் நெய்யூருக்கு ஒரு ஹீரோ வந்துவிட்டார். ஹோவர்ட் சோமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர். மலை முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். அங்கே டாக்டர் பியூ தனி ஆளாக மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்துவிட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட் போய் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே வரை ஏறி, திரும்பும்போது தொண்டை அடைத்துச் சாகக் கிடந்து பிழைத்து, மறுபடியும் நெய்யூர். மரச்சீனிக் கிழங்கும் மீனுமாகச் சாப்பிட்ட நம்ம ஜனங்களுக்குக் குடல்புண் ஜாஸ்தி. அதற்கு அறுவை செய்தே பேர் வாங்கினார். நெய்யூர்ப்பக்கம் வயசானவர்கள் 'சாமர்வெல் டாக்டர்' என்று இன்னமும் ஏதோ சொந்தக்காரர் மாதிரித்தான் சொல்வார்கள். வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் 1900களின் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆக ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி, உலகத்தரம் வாய்ந்த சர்ஜன்கள். ஆனால் கல்லூரி?

இங்கேதான் சட்டம் ஒன்று குறுக்கே வந்தது. 1933ல் வந்த இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம் பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டுமே கணக்கில் எடுத்தது. 1946ல் போர் கமிட்டி, இனிமேல் நாட்டில் ஒரே தரத்து டாக்டர்தான் வேண்டும், சின்ன டிப்ளமா படிப்புகளை நிறுத்துங்கள் என்றது. வேலூர் சி.எம்.சி. 1942ல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு மாறித் தப்பித்தது. நெய்யூர் அந்த ரேஸில் இல்லவே இல்லை. தரம் உயரணும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு பையனை வைத்தியனாக்கிவிடலாம் என்கிற லோவின் ரூட் அத்தோடு அடைபட்டது. சோமர்வெல்லே 1949ல் வேலூருக்குப் போய், 1961 வரை அங்கே மாணவர்களுக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்தார். நெய்யூரின் ஆகப்பெரிய வாத்தியார் பாடம் எடுக்கக்கூட ஊரை விட்டுத்தான் போகவேண்டியிருந்தது!

இனி கதையில் எல்லைக்கோடு வருகிறது.

1951 நவம்பர் 27ஆம் தேதி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜை நேரு திறந்து வைத்தார். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். அன்றைக்கு நாம் திருவாங்கூர்-கொச்சி மாநிலம், அதனால் அது நம்ம சொந்தக் கல்லூரி. நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்த விஷயம் பஸ் தூரத்துக்கு வந்துவிட்டது. எத்தனை வருஷத்துக்கு? ஐந்து. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு (அன்றைய மெட்ராஸ் மாநிலம்) சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. கல்லூரி கேரளாவில் நின்றுவிட்டது.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேசமணி தலைமையில் அத்தனை வருஷம் போராடி, 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்து வாங்கியது அது. ஆனால் மொழியோடு சேரும்போது ஒரு தலைநகரத்தை விட்டுவிட்டு வந்தோம் என்பதும் உண்மை. பல்கலைக்கழகம், இன்ஜினியரிங் காலேஜ், மெடிக்கல் காலேஜ் எல்லாம் அங்கே. புது மாநிலத்தில் நமக்குக் கிட்டத்தில் இருந்த மருத்துவக் கல்லூரி, 1954ல் தொடங்கிய மதுரை. இருநூற்று நாற்பது கிலோமீட்டர். எழுபது, இருநூற்று நாற்பது ஆன கதையை எல்லைப் போராட்டம் பற்றி எழுதுகிற யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 1965ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்ததும் அது எண்பதாகக் குறைந்தது. அப்போதும் நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து தண்டவாளம் வந்தது 1979ல், திருநெல்வேலியோடு இணைந்தது 1981ல்.

எண்பது கிலோமீட்டர் ஒரு தூரமா என்று கேட்கலாம். எங்க அப்பாவின் அக்கா, எனக்குப் பெரியத்தை, 1970களில் பி.யூ.சி. படித்தவர். டாக்டருக்குப் படிக்கணும் என்று ஒரே பிடிவாதம். விண்ணப்பம் போட்டு இண்டர்வியூ கார்டும் வந்தது. தாத்தாவிடம் ஒரே கேள்விதான்: "ஹைகிரவுண்டுல போயி தனியா ஹாஸ்டல்ல கெடப்பியாக்கும்?" ஹைகிரவுண்ட் என்றால் பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிற இடம். தாத்தா கெட்டவர் இல்லை. பெண்பிள்ளையை வள்ளியூர் தாண்டி அனுப்பத் தைரியம் வராத சராசரி அப்பா, அவ்வளவே. ஒருவேளை சொந்த ஊரிலேயே கல்லூரி இருந்திருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று சம்மதித்திருப்பார். அத்தை டீச்சர் டிரெய்னிங் முடித்து முப்பத்து நாலு வருஷம் ஸ்கூலில் உடற்கூறு படம் வரைந்து பாகம் குறித்தார். அவர் வரைந்த இதயம் மாதிரி எந்த கைடிலும் பார்த்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

இந்த மாதிரி வீட்டுக்கு ஒரு அத்தை இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நர்ஸிங் போனவர்கள் நிறைய. நெய்யூர், கேத்தரின் பூத் ரெண்டு இடத்து வார்டுகளும் பார்த்து வளர்ந்த ஊர் இல்லையா, வெள்ளை யூனிபார்ம் இங்கே கௌரவம்.

அப்புறம் நிர்வாக ரீதியாக ஒரு மாற்றம். அதுவரை மருத்துவக் கல்லூரிகள் அந்தந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு இருந்தன. 1987ல் சட்டம் போட்டு 1988ல் கிண்டியில் மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தார்கள். இன்றைய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அலோபதி, பல், நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, சித்தா, ஆயுர்வேதம் என்று மாநிலம் முழுக்க ஒரே குடைக்குள். தூரத்துக் கல்லூரியாக இருந்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. மார்ஷியல் ஆசானிடம் வருஷக்கணக்காகக் கைகட்டி நின்று வர்மம் கற்றுக்கொள்கிற ஊரில், முஞ்சிறை சித்தா கல்லூரியில் படிக்கிறவரும் இப்போது கிண்டி முத்திரை போட்ட பட்டத்துக்குத்தான் படிக்கிறார். ஆசான்மார் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது தனிப்பதிவுக்கான மேட்டர்.

கடைசியாக 2001. ஆசாரிபள்ளம். ஊர் ஜனம் 'டி.பி. ஆஸ்பத்திரி' என்று சொல்லி, அந்த ரோட்டில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த அதே காசநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சயின்ஸ் குரூப் கிடையாது போ என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் சானடோரியம் வைத்த ஊரில், காசநோய்க்காக ஒதுக்கின இடத்தில், எம்.பி.பி.எஸ். வகுப்பு. நெய்யூரில் ராம்சே வந்து இறங்கியதிலிருந்து 163 வருஷம். நெய்யூருக்கும் ஆசாரிபள்ளத்துக்கும் இடையில் தூரம் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது.

அடுத்த வருஷமே, 2002ல், சோமர்வெல் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கே? காரக்கோணத்தில். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில்! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. 2006ல் குலசேகரத்தில் தனியார் கல்லூரி, 2009ல் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி என்று அப்புறம் வரிசையாக வந்துவிட்டன.

நான் பயாலஜி குரூப் எடுத்தவன். கட்-ஆஃப் கைகொடுக்காமல் இன்ஜினியரிங் போய், இன்றைக்கு டெக்னோபார்க்கில் கோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாராவாரம் களியக்காவிளையைத் தாண்டுகிறவன். அதனால் எனக்கு இந்தக் கல்லூரி மேல் பொறாமை கலந்த ஒரு பாசம்.

பெரியத்தைக்கு இப்போது பிரஷர், சுகர் எல்லாம் உண்டு. மாத்திரைக்கு ஆசாரிபள்ளம் ஓ.பி.க்குத்தான் போவார். பென்ஷன் வருகிறதே, தனியார் டாக்டரைப் பார்த்தால் என்ன என்றால் கேட்கமாட்டார். நான் ஒரு தடவை கூடப் போனேன். வரிசையில் நின்றுகொண்டே, ஸ்டெதாஸ்கோப் மாட்டின பிள்ளைகள் யார் பக்கத்தில் வந்தாலும் ஊர் விசாரிக்கிறார். ஒரு பையன் தர்மபுரி. இன்னொருத்தன் திருவண்ணாமலை. கவுன்சிலிங் மாநிலம் முழுக்கப் பொது என்பதால் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். பிரஷர் பார்த்த பெண் கிருஷ்ணகிரிப் பக்கம். ஊரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ரயில், அப்பா கூட வந்து விட்டாரா, எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கையில் கட்டிய பட்டையை அந்தப் பெண் கழற்றிக்கொண்டிருக்கும்போது அத்தை மெதுவாகக் கேட்டார்: "ஹாஸ்டல்ல சம்பா அரிசிச் சோறா மக்கா போடுகா? ஒனக்கு ஒத்துக்கிடுதா?"